வாசலில் நின்ற காவலர்

...அதுவும் இதே நாற்காலியில், முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் முகத்தைப் பூசி மெழுகிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தில் துண்டோடு உட்காருவோம் என்று யார் கண்டது, அரசுத் தொலைக்காட்சிக்குப் பொன்விழாவாம், ஓய்வு பெற்ற மேக்கப் அம்மாவும் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம், மறக்க முடியாத முகம் எது என்று கேட்பார்களாம்... எது என்றா? நாட்டுக்கே ஒரே சேனல் இருந்த காலம், எட்டு மணிச் செய்தியில் வெள்ளம் வடிந்துவிட்டது என்று சொன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவனும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வான், எத்தனை மந்திரிகளின் வழுக்கைப் பளபளப்பைப் பவுடர் போட்டு அடக்கியிருப்பாள், அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஒளிபரப்பவும் செய்வார்கள். சொல்லப்போவது அது இல்லை. தபால்காரனைச் சொல்லியே தீருவது என்று இரண்டு வாரமாக மனசுக்குள் ஒத்திகை. வேலைநிறுத்தம் நடத்தியவன், பதினோரு நாள் காவலில் இருந்துவிட்டு, செய்ததெல்லாம் தப்பு என்று திரையில் சொல்ல வந்தவன், இடது கண்ணுக்குக் கீழே முட்டை அளவுக்கு நீலம். வெறும் பவுடர் போட்டால் விளக்கு வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும், முதலில் செம்மஞ்சள் தடவி நீலத்தின் வாயை அடைக்க வேண்டும், அவள் தடவிக்கொண்டிருந்தபோது அவன் அவள் தோளுக்கு மேலாக ஒரு தடவை பார்த்தான், பிறகு மெதுவாக, "அக்கா, இத மட்டும் விட்டுடுங்க. எங்கம்மா பாப்பாங்க" என்றான்.

விட்டாளா? எப்படி விடுவது, வாசலில் காவலர் நின்றார், இவள் பிள்ளைகுட்டிக்காரி, வேலை போனால் யார் சோறு போடுவது... செய்தி பார்த்துவிட்டுப் புருஷன், அடிச்சாங்கன்னு சொன்னாங்களே, மாப்பிள்ளை மாதிரில்ல இருக்கான் என்றபோது, வெட்கக்கேடு, தன் கைவேலையை நினைத்து ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. ஊரெல்லாம் அதையேதான் சொல்லியிருக்கும். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. பெற்றவள் கடைசியாகப் பார்த்தது இவள் போட்டு அனுப்பிய முகத்தை. வாசலில் காவலர் நின்றார், நான் என்ன செய்ய... கேமரா முன்னால் சொல்ல வேண்டிய வரி அதுதான்.

கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறது, மறைத்துவிடவா என்று கேட்டபடி மேக்கப் பெண் குனிகிறாள், அவள் தோளுக்கு மேலே வாசல். கண்ணாடியை ஒட்டினாற்போல, நிலைப்படி வரைக்கும் முழுசாக. மேக்கப் போடுகிறவளுக்கு அது எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான், உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும்... அப்படியானால் அவன் பார்த்துவிட்டுத்தானே கேட்டான்? காவலர் நின்றிருந்தால் வாயைத் திறந்திருப்பானா? கொண்டுவந்து விட்டதைப் பார்த்தாள், கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாள், நடுவில்? நடுவில் அவள் திரும்பவே இல்லையே.

"யாரும்மா அங்க, அங்கயே பாக்கறீங்க?" பெண் கையிலிருந்த பஞ்சோடு திரும்பி வாசலைப் பார்த்தாள். "யாரும் இல்லையே."

எழுந்திருக்க வேண்டும், ஸ்டுடியோவில் விளக்கு போட்டாகிவிட்டது, வாசலில் காவலர் நின்றார் என்று ஆரம்பிக்க வேண்டும்... கழுத்தைத் திருப்ப இந்தப் பெண்ணுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லையே.