மெழுகு மூடிய அறை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, சமையல்காரியின் கணவர் படுத்திருந்த அறையின் வாசல் மெழுகால் மூடியிருந்தது. கீழிருந்து மேல்வரை, விரல் பருமனுக்கு இளம்பழுப்பு மெழுகு, நடுவில் லேசாகப் புடைத்து. சன்னலும் அப்படியே. சமையல்காரி டீக்கோப்பையோடு நின்று அதைச் சுண்டிப் பார்த்தாள். தேனடையில் புழு அறைகளை மூடியிருக்கும் அதே மூடி. இருபது வருடமாகத் தினம் ஆயிரம் மூடி சீவி எறிந்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? கோப்பையைத் தரையில் வைத்தாள்.

வீட்டு முன்கூடம்தான் கடை. கடையில் ஒரே பண்டம், தேனீப்புழு வறுவல். மூடி சீவிய அடையை வெந்நீரில் முக்கினால் மிச்ச மெழுகும் இளகி மேலே வந்துவிடும். புழுவைத் துணியில் வடித்து உலர்த்தி, வாணலியில் வெண்ணெய் விட்டு, உப்பும் மிளகும் தூவிப் புரட்டினால் ஐந்தே நிமிடம். முதல் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பவர்கள் இரண்டாம் தட்டைக் கண்ணைத் திறந்துகொண்டு தின்பார்கள். அடுப்பு அவளுடையது, அடையில் பொறுக்கும் வேலை கணவருடையது. தெரு அவரைச் சாவகாசம் என்றுதான் கூப்பிடும். பொறுக்குவதற்கு ஒரே விதி: வெள்ளையாக இருந்தால் வாணலிக்கு, கண் கறுத்திருந்தால் தூரப் போடு. மூடிக்குள் கிடப்பதற்குக் கண் முதலில் வெள்ளை, பிறகு ரோஜா, பிறகு கறுப்பு. பார்க்கத் தொடங்கிவிட்டதைத் தின்னக்கூடாது என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தின்றால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை சாவகாசம், மூக்குக்கண்ணாடியை எடுக்க எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, குத்துமதிப்பாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று முதல் கரண்டியையும் அவரே முழுங்கினார். சமையல்காரி மிச்சத்தைப் பார்த்தாள். அத்தனையும் மிளகு மிளகாகக் கண். வாணலியோடு சாக்கடையில் கவிழ்த்தாள்.

மறுநாள்தான் மெழுகு. எட்டு மணிக்கு நாத்தனார் கடப்பாரையோடு வந்துவிட்டாள், பின்னாலேயே தெரு.

"தள்ளுங்க அண்ணி. மூச்சு முட்டிச் செத்துடப் போகுது அண்ணன்."

"முட்டாது. அந்த மூடியில காத்து போகும்."

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களாக்கும்?"

"மூடிய வெட்டறதே என் பொழப்பு. வெட்டினப்புறம் உள்ள இருந்தது பொழைச்சு நான் பாத்ததில்ல." சமையல்காரி வாசலை மறைத்து உட்கார்ந்துகொண்டாள். "மூடிக்குள்ள பன்னெண்டு நாளு கெடக்கும். தானா வரணும்."

"டீ அஞ்சு நிமிஷம் லேட்டானா வீட்டையே ரெண்டாக்கற மனுஷன். அது பன்னெண்டு நாளு சும்மா கெடக்குமா?" என்றாள் நாத்தனார். ஆனால் கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் கடை மூடியிருந்தது. மூன்றாம் நாள்வரை மூச்சுச் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் ஈரத்துணியைப் புரட்டுவது போல ஏதோ புரண்டது. ஏழாம் நாள் ஒன்றுமே கேட்கவில்லை. எட்டாம் நாளும் கேட்காததால் சமையல்காரியே கத்தியை எடுத்து மெழுகின் விளிம்பில் வைத்துவிட்டாள். மதிய வெயில் கூடத்துக்குள் விழுந்திருந்தது. மெழுகுக்கு அந்தப் பக்கம், அவள் தலை உயரத்தில், இரண்டு கறுப்பு வட்டங்கள் அசையாமல் நின்றன. கத்தியைக் கீழே வைத்தாள். அவர் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை, உள்ளிருந்து கடித்துத் துளைத்துக்கொண்டு சாவகாசம் வெளியே வந்தார். உடம்பு வெளிறி, முடி நனைந்து ஒட்டியிருந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. திரும்பிப் போய்த் துடைப்பத்தை எடுத்து அறையைப் பெருக்க ஆரம்பித்தார். தெரு கொல்லென்று சிரித்தது. "அண்ணி, எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தட்டு வறுத்துக் குடுங்க" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சமையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. பிறந்த தேனீ முதலில் கூட்டைச் சுத்தம் செய்யும். அடுத்தடுத்து என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்த பிறகு, தேனீக்கு ஒரு நாள் என்றால் அவருக்கு ஒரு மாதம். மூன்று மாதம் பெருக்கினார். பிறகு ஒன்பது மாதம் தெருவிலுள்ள கைக்குழந்தைகளுக்கெல்லாம் பால் புகட்டினார். எந்தக் குழந்தையும் அவர் மடியில் அழவில்லை. அடுத்த ஆறு மாதம் அவர் வயிற்றில் செதில் செதிலாக மெழுகு சுரந்தது. ஒழுகும் கூரைகளை அதை வைத்தே அடைத்தார். கடைசி மூன்று மாதம் வாசலில் நின்று வருகிறவர்களை மோந்து பார்த்து உள்ளே விட்டார். இருபத்தோரு மாதம் முடிந்தது. இனி வெளியே கிளம்புவதுதான் பாக்கி. வெளியே போகிற தேனீ கடைசியில் என்ன ஆகும் என்று, அடை கொண்டுவந்து போடும் தேன்காரரிடம் சமையல்காரி ஒரு தடவை கேட்டிருந்தாள். "மொத்தமே நாப்பது நாளுதான் ஆயுசு. கூட்டுக்குள்ள சாகறது கொஞ்சம்தான்மா. முக்காவாசி வெளிய போய், அங்கயே விழுந்துடும்" என்றிருந்தார் அவர்.

அவள் வாசலைப் பூட்டினாள், செருப்பை ஒளித்தாள். அவர் கோபப்படவில்லை. கதவுக்கு முன்னால் நின்று ரீங்கரித்தார். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. மூன்று நாள் ஒரு வாய் சோறு தின்னவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. நான்காம் நாள் அவளே பூட்டைத் திறந்தாள்.

அன்று மாலை முழங்கால்வரை மஞ்சள் மகரந்தத் தூளோடு திரும்பி வந்தார். கூடத்துத் தரையில் இடுப்பை ஆட்டிக்கொண்டே நேராக நடந்தார், அரைவட்டம் அடித்துத் திரும்பினார், மறுபடி அதே கோட்டில் நடந்தார். நாத்தனார் பயந்துபோய் ஓரம் ஒதுங்கினாள். சமையல்காரி பயத்தோடேயே தரைக்கற்களை எண்ணினாள். அவர் ஆடிப்போகும் திசைதான் பூக்கள் இருக்கும் திசை. ஒரு கல்லுக்கு ஒரு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து அதை நிச்சயப்படுத்திக்கொண்டாள். நாளாக ஆகத் தூரம் கூடியது.

ஒரு நாள் ஆறு மணி ஆகியும் அவர் வரவில்லை. முந்தின நாள் ஆட்டம் கிழக்கே ஒன்பது கல். அவள் வண்டியை எடுத்தாள். ஒன்பதாவது கிலோமீட்டரில், பூத்துக் கிடந்த வயல் ஓரத்தில், குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மார்பில் காதை வைத்தாள். ரீங்காரம் இருந்தது, நூல் மாதிரி. "ஏங்க, வீட்டுக்குப் போலாம், வாங்க" என்றாள். பின்னால் உட்கார்த்தி, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அரைமணியில் எழுந்து ஆடினார். பதினொரு கல்.

இப்போது நாற்பது மாதம் தாண்டிவிட்டது. ஐந்து மணிக்குக் கடை மூடப்படும், வீட்டுக்காரரை அழைத்துவரப் போக வேண்டும் என்று பலகையே தொங்குகிறது. வாடிக்கைக்காரர்கள் நாலே முக்காலுக்குக் கை கழுவிவிடுகிறார்கள். நேற்றைய ஆட்டம் பதினேழாவது கல்லில் சுவரில் முட்டி நின்றது. சமையல்காரி கொத்தனாரை வரச் சொல்லி, சுவரை எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.