அமெரிக்க வேட்பாளருக்குக் கரவெட்டியில் ஓர் அர்ச்சனை

1

பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டது கட்டுரைதான். வரப்போகும் அமெரிக்க சனாதிபதித் தேர்தல் யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று எழுதித்தரச் சொன்னார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடங்கினேன்:

"அங்கே அதிக வாக்குப் பெற்றவர்தான் வெல்வார் என்றில்லை, மாநிலங்களின் தேர்வாளர்கள்..."

சீ, இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். எழுந்து கோவிலுக்குப் போனேன். கரவெட்டியில், பிள்ளையார் வாசலில், அர்ச்சனைத் தட்டோடு எனக்கு முன்னால் நின்ற பெண் ஐயரிடம் கேட்டாள்:

"ஐயா, சேர்ச்சுக்குப் போற வேதக்கார ஆளுக்கு, அதுவும் அமெரிக்காவிலை இருக்கிறவருக்கு, அர்ச்சனை செய்யலாமோ?"

கட்டுரை அந்த இடத்திலேயே செத்தது.

2

அவளுக்கு அருந்ததி என்று பெயர் வைத்தேன். (கலியாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் காட்டுகிற நட்சத்திரம். வேண்டுமென்றேதான் வைத்தேன்.) கணவன் கீர்த்திகன் அமெரிக்கா போய் ஆறு வருடம். இருக்க அனுமதி கிடைக்கவில்லை, வழக்கு இழுபடுகிறது. போட்டியிடும் இருவரில் ஒருவர் இப்படிப்பட்டவர்களை இருக்க விடுவேன் என்கிறார். மற்றவர் பிளேனில் ஏற்றுவேன் என்கிறார். [இருவரின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் கதையை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். இரக்கக்காரர், துரத்துகிறவர் என்று வைத்துக்கொள்வோம்.]

கீர்த்திகன் போனில் சொன்னான்: "அருந்ததி, இரக்கக்காரர் வெண்டாத்தான் எனக்கு விடிவு. பிறந்த திகதி அனுப்புறன். நட்சத்திரம் பாத்து, பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்வியும்."

"ஓமப்பா."

பார்த்தாள். இரக்கக்காரர் பூராடம். பிறகு, யாரும் கேட்காமலே, துரத்துகிறவருக்கும் பார்த்தாள். ரோகிணி.

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தை அமுக்கி, "கணவனின் நல்வாழ்வுக்காக அவள் கண்ணீர் மல்க..." என்று எழுதப் போனேன்.

"உந்தக் கண்ணீர்க் கதையை விடுங்கோ அண்ணை," என்றாள். "எனக்கு அவர் வீட்டை வரவேணும்."

"அவருக்கு அங்கை இருக்கத்தானே விருப்பம்?"

"ஆறு வருசமா அவரின்ரை விருப்பம்தான் நடக்குது. வெங்காயத் தோட்டத்திலை பாத்தி பாத்தியாத் தண்ணி மாறவும் நான் தனிய, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் நான் தனிய. மற்றாள் வெண்டா, ஆள் வந்திடும்."

"விலங்கு போட்டெல்லோ ஏத்துவாங்கள்?"

தட்டில் இருந்த வெற்றிலையைத் திருப்பி வைத்தாள். "அதுதான் அண்ணை நித்திரை இல்லை. அவர் தலைகுனிஞ்சு வந்து நிண்டா, நான் வேண்டிக் கூப்பிட்டதெண்டு எனக்குத் தெரியுமே."

அடுத்த வரியை எழுதி, உடனே வெட்டினேன். பாவம் அவள். எழுதுகிறவன் என்று பெயர்தான் எனக்கு.

4

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இரக்கக்காரரின் பூராடம் என்றாள். வாசித்துப் பார்த்தேன், பச்சைப் பொய். அடுத்ததில் மற்றவரின் ரோகிணி என்றாள், வீட்டுக்குப் போய் விழுந்து விழுந்து அழுதாள்; கிழித்துவிட்டேன். மூன்றாவதில் "சாமியின்ரை பேருக்கே செய்யுங்கோ" என்றாள். எழுத்தாளர்கள் நழுவுகிற வழி அது. அருந்ததி விடவில்லை: "பிள்ளையாருக்கு என்ன குறை? குறை எனக்கெல்லோ?"

ஆகவே கண்டதை மட்டும் சொல்கிறேன். ஐயர் தட்டை வாங்கினார். "பிள்ளையாருக்கு எல்லாரும் ஒண்டுதான். பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லும், பிள்ளை."

அவள் கையில் போன் அதிர்ந்தது; திரை எனக்கும் தெரிந்தது. கீர்த்திகன்தான்: 'செய்விச்சிட்டீரோ?'

'ஓம்' என்று அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் ஐயர் பக்கம் குனிந்து பெயரைச் சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு மணிச்சத்தம் மட்டுமே கேட்டது.

நீங்கள் இதை வாசிக்கும்போது வாக்கெல்லாம் எண்ணி முடிந்திருக்கும். வென்றது யாரென்று உங்களுக்குத் தெரியும். எழுதுகிற எனக்குத் தெரியாது. கரவெட்டிப் பக்கம் வந்தால், அந்த வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாற ஒருவர் நிற்கிறாரா, இருவர் நிற்கிறார்களா என்று பாருங்கள். பார்த்து, மிச்சக் கதையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அன்றைக்கு எந்தப் பெயரைச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.