பொத்தான் அமுக்குகிறவர்கள்

முப்பத்தோரு வருடமாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான். ஒரே தடவையில் நூறு கிலோ துணி விழுங்கும் மெஷின்களைக் கட்டி மேய்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் மானத்தை, என் சமையலறையில் நிற்கும் ஐந்து கிலோ வாஷிங் மெஷின் அந்த வியாழக்கிழமை காலையில் வாங்கிவிட்டது.

உள்ளே மாட்டிக்கொண்டது எங்கள் பேனர். பதினோரு மணிக்கு மருத்துவமனை வாசலில் ஆர்ப்பாட்டம். சலவைக்கூடத்தை மூடிவிட்டுத் துணிகளை வெளியே ஒரு கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்களாம். நாங்கள் பதினான்கு பெண்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்து நாங்களே எழுதிய பேனர் அது. போன வாரக் கூட்டத்தில் யாரோ அதன்மேல் சைடர் என்கிற ஆப்பிள் மதுவையும் சாசேஜ் இறைச்சியின் கொழுப்பையும் கொட்டிவிட்டார்கள். அழுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போய் நிற்பதா? துவைக்கப் போட்டேன்.

துவைத்து முடியப்போகிற நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். டிரம் நின்றுவிட்டது. மேல்மூடியைத் திறந்தால் டிரம்மின் வழுவழுப்பான முதுகுதான் தெரிந்தது. தள்ளிப் பார்த்தேன், இம்மியும் நகரவில்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேலிருந்து துணி போடும் மெஷின் இது. டிரம்முக்கே இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. அவை கிளிக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும். நான் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. சுற்றும்போது கதவு விரிந்து, அடியில் தண்ணீர் சூடாக்கும் கம்பியில் சிக்கிக்கொண்டது.

"முப்பத்தோரு வருஷ அனுபவம்!" என்றான் என் கணவன் யானிக், காபிக் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தபடி.

"வாயை மூடிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடு."

போட்டான். "வர்றதுக்குப் பத்து நாளாகுமாம். பழைய மெஷின்தானே, தூக்கிப் போடுங்கன்றான்."

எனக்குச் சுருக்கென்றது. எங்களையும் தூக்கித்தானே போடப் பார்க்கிறார்கள். இயக்குநர் லெமார் போன மாதம் எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இப்பெல்லாம் மெஷின் தானா ஓடுது. பொத்தான் அமுக்குறதுக்கு எதுக்கும்மா அனுபவம்?"

மணி பத்தேகால். மருத்துவமனை போய்ச் சேரவே இருபது நிமிடம். இங்கே தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தால் முடியாது.

"யானிக், தண்ணியை வடி. கார்ல டிரெய்லரை மாட்டு."

"எதுக்கு?"

"பேனர் வர மாட்டேன்னா மெஷினே வரட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா ஆர்மெல்?"

"ஆமா. அந்தப் பக்கம் பிடி."

மருத்துவமனை வாசலில் இறக்கியதும் எங்கள் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எங்கள் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஸ்வாசிக் கருவிப் பையோடு வந்து மண்டியிட்டாள்.

"ஏண்டி, கிளிக் சத்தம் கேட்டியா?"

"கேக்கல."

"புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொத நாளே அதைச் சொல்லித் தர்றவளே நீதானடி!"

முகம் எரிந்தது. வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

அவள் பின்தகட்டைக் கழற்றினாள். சூடாக்கும் கம்பியின் திருகைத் தளர்த்தி, கம்பியை மெல்ல உருவினாள். அந்த ஓட்டை வழியாக வளைத்த சைக்கிள் கம்பி ஒன்றை நுழைத்துக் கதவைத் தேடினாள். நான் மேலே டிரம்மைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் லெமார் வந்துவிட்டார். "என்ன இது? வாசல்ல குப்பையைக் கொண்டாந்து போட்டிருக்கீங்க?"

"குப்பை இல்லீங்க, வேலை நடக்குது," என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"பின்பக்கமா சுத்துடி," என்றாள் ஸ்வாசிக் கீழிருந்து. "மெதுவா. இன்னும் கொஞ்சம். இப்ப!"

டிரம் திரும்பியது. விரிந்த கதவுகள் மேலே வந்தன. பேனரை இழுத்தேன். ஓரத்தில் ஒரு முழம் கிழிந்திருந்தது, ஆனால் பளிச்சென்று வெளுத்திருந்தது. பதினான்கு பேரும் ஈரத்தோடு பிடித்தோம். அதில் நாங்கள் எழுதியிருந்தது: 'நாங்கள் நின்றுவிட்டால் நீங்கள் நாறுவீர்கள்.' சொட்டிய நீர் லெமாரின் ஷூவை நனைத்தது. எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

ஸ்வாசிக் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். வாசல் காவலாளி தன் அறையிலிருந்து மின்சார வயரை இழுத்துக் கொடுத்தார். நான் டிரம்மின் கதவுகளைச் சேர்த்து அழுத்தினேன். அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கிளிக்.

ஆர்ப்பாட்டத்தைப் படமெடுக்க வந்திருந்த உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் கேமராவைத் தூக்கினாள். லெமாருக்குச் சிரித்து வைக்க வேண்டியதாயிற்று.

"வாங்க சார்," என்றேன். "வெறுமனே ஒரு சுத்து சுத்த விடுங்க. பொத்தான் அமுக்குறதுதானே, நீங்களே அமுக்குங்க."

வந்தார். விரலை நீட்டினார். மெஷினின் நெற்றியில் ஆறு பொத்தான்கள், ஒரு திருகு குமிழ். விரல் இங்கே போனது, அங்கே போனது, அந்தரத்திலேயே நின்றது.

"எதும்மா?" என்று மெல்லக் கேட்டார்.

பதினான்கு பேரில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.