ராத்தா என்று கூப்பிடு

"இன்னொருக்காச் சொல்லுங்க மகள். நான் ஒங்களுக்கு யாரு?"

"உம்மா."

ஷம்லா பிள்ளையின் கன்னத்தில் அறைந்துவிட்டாள். அஸ்காவுக்கு ஐந்து வயது. அதுவரை அவள்மேல் தாயின் கை ஓங்கியதில்லை.

"ராத்தா," என்றது பிள்ளை, அழாமல்.

அடுப்படியிலிருந்து சித்தி மரியம் என்ற மதினி எட்டிப் பார்த்தாள். "பெத்த தாய அக்காவாக்குற படிப்பு என்ன படிப்பு புள்ள?"

"எனக்கு மட்டும் ஆசையா மதினி? அவங்கட சட்டம் அப்பிடி."

சட்டம் அப்படித்தான். ஷம்லா தங்கிப் படித்த தாதியர் கல்லூரி கலியாணமாகாத பெண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளின் மனசு வீட்டிலேயே கிடக்குமாம், நோயாளியைப் பார்க்க மாட்டாளாம். தாய்ப்பாலின் அருமையைப் படம் போட்டுப் படிப்பிக்கிறவர்கள், தாய்மாரை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்காவது விலக்கு உண்டா என்றால் அதுவும் இல்லை.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து எத்தாளை என்ற கடற்கரை ஊரில் ஒதுங்கிய குடும்பம் அது. சண்டை முடிந்து, இனி நிம்மதி என்று மூச்சுவிட்ட வருஷத்திலேயே அவள் புருஷன் நௌஃபரைக் கடல் கொண்டுபோயிற்று. அடுத்த வேளைச் சோற்றுக்கு யார் வழி? தாதி வேலை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. குமர்ப்பிள்ளை என்று பொய் சொல்லிச் சேர்ந்தாள். பிள்ளையை மதினி வளர்த்தாள்.

பிள்ளை அறை வாங்கிய அன்றே, ஷம்லாவோடு படிக்கிறவர்கள் பக்கத்திலுள்ள தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் வந்தார்கள். அஸ்கா ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "ஒன்ட தங்கச்சி நல்ல சூட்டிகை," என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

கடைசிப் பரீட்சைக்கு முந்திய மாதம் அஸ்காவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. சித்தி மரியம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது ஷம்லா பயிற்சியில் நின்ற ஆஸ்பத்திரிக்கே. சிறுவர் வார்டில், வெள்ளைச் சீருடையோடு ஷம்லா தன் பிள்ளையின் கட்டிலருகே நின்றாள்.

"என்ட தங்கச்சி, சிஸ்டர்," என்றாள்.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பவுலினா நல்ல மனுசிதான். "அப்ப தாய் எங்க? இந்த வருத்தத்துக்குத் தாய் பக்கத்தில நிக்க வேணும். தூக்கிவந்த மாமி நிண்டு சரிவராது." பிள்ளையின் பக்கம் குனிந்தாள். "உம்மா எங்க மகள்?"

அஸ்கா ஷம்லாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"மவுத்தாயிட்டா."

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி வந்ததும் பிள்ளை தானாகவே தாயைக் கொன்று தாயைக் காப்பாற்றியது. சித்தி மரியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"ஐயோ பாவம்," என்றாள் பவுலினா. "பரவாயில்ல, ராத்தா இருக்கிறாதானே. கையப் பிடிச்சுக்கொள்ளும் ஷம்லா, சேலைன் ஏத்துவம்."

ஊசி முதல் தரம் நரம்பில் ஏறவில்லை. இரண்டாம் தரமும் ஏறவில்லை. வார்டிலிருந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் ஊசியைக் கண்டதும் உம்மா என்றும் அம்மா என்றும்தான் அலறும். அஸ்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ராத்தா, ராத்தா," என்று முனகினாள். வலியிலும் பாடம் மறக்கவில்லை. தான் பெற்ற பிள்ளைக்கு எதைப் படிப்பித்து வைத்திருக்கிறோம் என்று ஷம்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சேலைன் இறங்கத் தொடங்கியதும் அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மூன்று வருஷப் படிப்பும் அதோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான் சிஸ்டர் இந்தப் புள்ளைட உம்மா."

பவுலினா தொப்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அஸ்காதான் பதறிப்போனாள். "இல்ல மிஸ்ஸி. பொய் சொல்றா. இவ எங்கட ராத்தா."

சொல்லிவிட்டு, ஊசி ஏறாத கையால் தன் கன்னத்தை மூடிக்கொண்டாள்.