எனக்கு வீடு இருக்கு

அவள் உடுப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாததுதான் அன்றைய கூத்துக்கெல்லாம் காரணம்.

பதினாறு வருடம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள் அவள். கடையை மூடி நாலு மாதம். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்து பதினோரு நாள். கணவன் என்று ஒருவன் இருந்தான். அவன் போன கதையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், கதையும் நீளும். விட்டுவிடுவோம்.

பதினோரு இரவாக அவளும் பத்து வயது மகளும் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பையும் கையுமாக பெஞ்சில் ஒண்டிக்கொண்டு தூங்கினார்கள். இருந்த ஒரே நல்ல உடுப்பை மகளின் இரண்டு பெரிய புத்தகங்களுக்கு நடுவில் மடித்து வைத்து, அதையே தலைக்கு வைத்துக்கொள்வாள். காலையில் எடுத்தால் மடிப்புக் கலையாமல் இருக்கும். வேலைதான் போனது, கைப்பழக்கம் எங்கே போகும்?

மகள் பள்ளி ஷூவைக் கழற்றாமலே தூங்கினாள். மூன்றாம் நாள் பக்கத்துப் பெஞ்சுப் பெரியவரின் செருப்பு காணாமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. நாடாவில் இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். தினமும் மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் வாசலில் ஒரே கேள்வி: "இன்னைக்கு எங்கம்மா?" இவளும் "அங்கதான்" என்பாள். அன்று காலை அந்த "அங்க"வுக்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். பழுதுபார்க்கும் வேலை, இன்று மாலை முதல் கூடம் மூடப்படும் என்று கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தவள் கூடத்தைக் கூட்டுகிற அம்மாள். பதினோரு நாளும் பார்த்தும் பாராத மாதிரி, இவர்கள் பெஞ்சை மட்டும் கடைசியாகக் கூட்டிய புண்ணியவதி.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி பழைய அச்சுக்கூடம் இருக்கு, தெரியும்ல? பசின்னு போனா சாப்பாடு போடுவாங்க. மாடில வீடில்லாதவங்களுக்கு எட்டு ரூம். இன்னைக்கு ஒண்ணு காலியாகுதாம். ரெண்டு மணிக்கு யாருக்காவது கொடுத்துடுவாங்க. அதுக்குள்ள போய்க் கேளு. கூச்சப்படாதே, என்ன?"

கூச்சப்படாதே என்று சொல்வது சுலபம். நல்ல உடுப்பைப் போட்டு, தலையை வாரி, பத்து மணிக்கு அச்சுக்கூடத்து வாசலில் அவள் நின்றபோது ஏதோ அலுவலகத்துக்குப் போகிறவள் போல்தான் இருந்தாள்.

அந்த இடத்தில் இரண்டு வழக்கம் உண்டு. யாரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்ளக் கூடாது. கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று பார்த்தவுடன் தெரியக் கூடாதாம். இரண்டாவது, "எனக்கு வீடு இருக்கு" என்று யார் சொன்னாலும் வாதாடக் கூடாது. முதல் முறை வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். "ஆமாம், இருக்கு" என்று தலையாட்டி, உட்கார வைத்து, சூடாக ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டும் தங்கமான வழக்கங்கள்தான். ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து இப்படிக் காலை வாரிவிடும் என்று யார் கண்டது?

சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் சத்தக்கா என்பார்கள். காது உள்ளவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்று பத்து மணிக்குப் புதிதாக ஒரு ஆள் உதவிக்கு வருவதாகத் தகவல். ஆணா பெண்ணா என்றுகூட அவர் கேட்டு வைக்கவில்லை. வாசலில் மொடமொடப்பாக ஒருத்தி நிற்பதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்.

"வந்துட்டியா! பத்துன்னா டாண்ணு பத்துக்கே வந்துட்டியே, நீதான்மா ஆளு! இந்தா, ஏப்ரனக் கட்டு. வெங்காய மூட்டை அதோ."

"இல்லக்கா, நான் வந்து..."

"பேச்செல்லாம் அப்புறம். பன்னண்டரைக்கு இருநூறு பேர் வந்து நிப்பாங்க. முதல்ல உரி!"

அவள் உரித்தாள். ஒரு வெங்காயம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பத்து முடிந்தது, இருபது முடிந்தது, நாக்கு எழவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் தயவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு கேரட். அவள் நறுக்கியதைப் பார்த்து சத்தக்கா கத்தினார்.

"என்ன இது, விறகா பொளக்குற? பொடிசா நறுக்கு! பல்லு இல்லாதவங்களும் சாப்பிடணும்ல?"

அந்தத் திட்டு அவளுக்கு அப்படி இனித்தது. பதினோரு நாளாக அவளைப் பார்த்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, கண்ணே தெரியாத மாதிரி தாண்டிப் போகிறவர்கள். இல்லையென்றால் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்கள். இவளால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும், செய்யாவிட்டால் திட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஏப்ரனை அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

நேற்று இரவு பாதி ரொட்டி தின்றதுதான் அவள் கடைசியாகத் தின்றது. பெரிய பானையில் சூப் கொதித்து, வாசனை மூக்கில் ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சத்தக்கா ஒரு கரண்டி ஊற்றி நீட்டினார்.

"உப்புப் பாரு."

"சரியா இருக்குக்கா" என்றாள். உண்மையில் உப்பா சர்க்கரையா என்றே தெரியவில்லை. அது உள்ளே இறங்கிய வேகத்தில் நாக்குக்கு வேலையே இருக்கவில்லை.

"அதோ பாரு, பெஞ்சுல ஒருத்தர்" என்று சத்தக்கா ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் நாலு பேருக்குக் கேட்கும். "காலைல வந்தவரு. வீடு இருக்கு வீடு இருக்குன்னு ஒரே பிடிவாதம். சட்டையப் பாரு, பொத்தான்கூட மாத்திப் போட்டிருக்காரு. தனியாளு, வயசானவரு. மாடி ரூமெல்லாம் பாக்குற சாவியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். காலியான ரூம் அவருக்குத்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையும் போச்சா? கசங்கிய சட்டையும், மடியில் சூப் கிண்ணமுமாகப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து எப்படிப் போட்டிக்கு நிற்பது? அவர் எந்தப் பெஞ்சில் படுத்துக் கிடந்தாரோ. கிடைக்கட்டும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தது. மூன்றரைக்கு வாசலில் நிற்க வேண்டும். மகள் கேட்பாள். என்ன சொல்வது?

பன்னிரண்டரைக்குக் கூட்டம் வந்தது. நிமிர நேரமில்லாமல் பரிமாறினாள். ஒன்றரைக்கு மேல் கூட்டம் குறைந்ததும் பெரியவரிடம் ரொட்டித் தட்டோடு போனாள். அவர் தட்டை வாங்கவில்லை.

"அம்மா, நீங்களாவது காது கொடுத்துக் கேளுங்க" என்றார். "நான் கணக்கு வாத்தியார். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். பத்து மணிக்கு உதவிக்கு வரச் சொன்னாங்க. கால்மணி முன்னாடியே வந்துட்டேன். அதுலேருந்து எனக்கு மூணு சூப்பு, ரெண்டு டீ, ஒரு போர்வை! யாரும் ஒரு வெங்காயத்தக்கூட என் கையில குடுக்கல. எனக்கு வீடு இருக்கும்மா! மூணு ரூம் இருக்கு, தோட்டம் இருக்கு. சொன்னா எல்லாரும் தலைய மட்டும் ஆட்டுறாங்க!"

அவருக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. அவள் உடனே நம்பினாள். அதே வார்த்தையை அவள் பொய்யாகச் சொல்லியிருக்கிறாள். பள்ளித் தலைமை ஆசிரியையிடம், பேருந்து நிலையக் காவலாளியிடம். சொல்கிறபோது குரல் குழையும், பார்வை தரைக்குப் போகும். இவருக்கு வந்த எரிச்சல் பொய் சொல்கிறவனுக்கு வராது. வெங்காயம் உரிக்க வந்தவர் இவர். பெஞ்சில் உட்கார வந்தவள் அவள்.

கடிகாரத்தில் இரண்டாகப் பத்து நிமிடம். மாடிப்படியில் சாவியண்ணன் இறங்கி வந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எதற்கும் அவசரப்படாதவர். பெரியவரின் உள்ளங்கையை விரித்து ஒரு சாவியை வைத்தார்.

"ஐயா, எனக்கு வீடு இருக்குய்யா!"

"இருக்கட்டும் சார். இதுவும் இருக்கட்டும்."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிடம் அவள் வாய் திறக்காமல் இருந்தால், வீடு உள்ளவருக்கு இன்னொரு வீடு கிடைத்துவிடும். வாய் திறந்தால் ஏப்ரன் போய்விடும். திட்டு வாங்குகிற அந்தஸ்து போய்விடும். கூடத்தில் இத்தனை பேர், அவள் கையால் ரொட்டி வாங்கித் தின்றவர்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு ஷூவோடு தூங்குகிற இரண்டு கால்கள் ஞாபகம் வந்தன.

"அண்ணா, நில்லுங்க" என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "அவரு சொல்றது நிஜம். அவருக்கு வீடு இருக்கு. எனக்குத்தான் இல்ல."

பாத்திரம் கழுவுகிற இடத்தில் சத்தம் நின்றது. சத்தக்காவின் பேச்சும் நின்றது; அதனால்தான் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நீ... காலைல..." என்று சத்தக்கா தடுமாறினார்.

"அவரு வெங்காயம் உரிக்க வந்தாருக்கா. நான் ரூம் கேட்டு வந்தேன். நீங்க பேச விடல, எனக்கும் அப்புறம் பேச வரல."

"கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?" என்று சத்தக்கா கேட்டார்.

"நேத்து ராத்திரி. பாதி ரொட்டி. பாதி பொண்ணுக்கு."

சத்தக்கா முகம் சுண்டிப்போனது. அருகில் வந்தார். "என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார், அவரிடம் யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "பசியோட வந்தவ தலைல மூட்டையக் கட்டிட்டு, கேரட்டு பெருசு சிறுசுன்னு..."

"அதச் சொல்லாதீங்கக்கா. அந்தத் திட்டுலதான் நான் நாலு மணி நேரம் நின்னுட்டிருந்தேன்" என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போட முடியவில்லை.

சத்தக்கா தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு அவளை உட்கார்த்தினார். கணக்கு வாத்தியார் எழுந்து, தான் வாங்க மறுத்த ரொட்டித் தட்டை அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் கையிலிருந்த சாவியை அவள் கையில் வைத்து மூடினார்.

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா" என்றார். "என் வீட்டுக்காரி போய் ஒரு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து என்னை உட்கார வெச்சு, சாப்பிடுங்கன்னு யாரும் சொன்னதில்ல. இங்க மூணு தடவ சொன்னாங்க. வெளியில கோவமா இருந்தாலும், உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப வாங்க சார், ஒரு கத்தி தரேன்" என்றார் சத்தக்கா. சத்தம் திரும்பி வந்திருந்தது. "முதல்ல அந்தப் பொத்தான ஒழுங்காப் போடுங்க!"

"சட்டைகள நாளைக்குக் கொண்டாங்க சார்" என்றாள் அவள், வாய் நிறைய ரொட்டியோடு. "நான் தேச்சுத் தரேன்."

சாவியண்ணன் ஏன் வந்தாய், என்ன ஆயிற்று என்று எதையும் கேட்கவில்லை.

"எத்தனை பேரும்மா?"

"நானும் பொண்ணும்."

"ஆறாம் நம்பர். ரெண்டு கட்டில் இருக்கு. மூணு மாசம் இருக்கலாம். அதுக்குள்ள வேலை, வீடு எல்லாம் சேர்ந்தே தேடுவோம்."

அவளுக்கு யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கூட்டுகிற அம்மாளுக்கா, இந்த மூன்று பேருக்கா, மாற்றிப் போட்ட பொத்தானுக்கா? நெஞ்சு நிறைந்து, கையெடுத்துக் கும்பிடப் போனாள். சத்தக்கா தட்டிவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். நாளைக்கும் பத்து மணிக்கு வெங்காயம் இருக்கும். இஷ்டம்னா வா. இஷ்டமில்லன்னாலும் சாப்பிட வந்துடு."

மூன்றரைக்குப் பள்ளி வாசலில் மகள் வந்தாள். முகத்தைப் பார்க்காமல், பையைத் தோளில் ஏற்றியபடி, பழகிய மாதிரியே கேட்டாள்.

"இன்னைக்கு எங்கம்மா?"

அவள் சாவியை மகளின் கையில் கொடுத்தாள். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழியெல்லாம் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள். ஆறாம் நம்பர் கதவைத் தானே திறந்தாள், உள்ளே போய்த் தானே பூட்டினாள், இழுத்தும் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே மகளுக்குத் தூக்கம் சொக்கியது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வழக்கம் போல் ஷூ நாடாவில் இரண்டாவது முடிச்சைப் போட ஆரம்பித்தாள். அம்மா கீழே உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

"வேணாம்மா, காணாமப் போயிடும்."

"போகாதுடி. கதவு பூட்டியிருக்கு. சாவி உன்கிட்டதான இருக்கு?"

ஷூ இரண்டையும் ஜோடியாகச் சேர்த்துக் கதவோரம் வைத்தாள். மகள் படுத்தாள். எழுந்து, ஷூ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மறுபடியும் படுத்து, மறுபடியும் எழுந்து பார்த்தாள். மூன்றாம் தடவை எழுந்திருக்கவில்லை.