‘ஏறாதே’க்கு ஒரு மெட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. 2003ஆம் வருஷம், வடசென்னை டோல்கேட்டில் ஏறியிருந்தேன். ஸ்பீக்கரில் தாளம் அதிர, ஒரு பெண் குரல் ‘ஏறாதே ஏறாதே’ என்று சுற்றிச் சுற்றி வந்தது. பாடுகிறாளா, பேசுகிறாளா என்று பிடிபடவில்லை. டிரைவரிடம் கேட்டேன்.

“இன்னா பாட்டுப்பா இது?”

“பாட்டு இல்ல சார், சண்ட.”

அந்தப் பதிலோடு இறங்கிவிட்டேன். மற்றதெல்லாம் நானாகக் கட்டிக்கொண்டது. டிரைவருக்கு வல்லரசு என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்: “துறைமுகக் காற்றில் மீன்வாசம்...” (நிறுத்திவிட்டேன். வடசென்னை என்றதும் மூக்குதான் முந்திக்கொள்கிறது. இது காதால் எழுத வேண்டிய கதை.)

இரண்டாவது: “உஸ்மா பிறவியிலேயே ஓர் இசை மேதை. அவள்...” (இதையும் அடித்தேன். மேதை என்றால் அவள் செய்வது எதிலும் எனக்கு ஆச்சரியம் மிஞ்சாது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் ஜுபைர் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் தங்கை உஸ்மா கம்ப்யூட்டரில் அதை வெட்டி ஒட்டுகிறவள். கல்யாணத்தில் யாராவது சண்டை போட்டால் அந்த இடத்தில் குரலை அணைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுவது அவள் வேலை. அணைத்த குரல்களை அவள் அழிக்கவில்லை. தனியாகச் சேர்த்து வைத்து, அலுக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படிக் கேட்டபோதுதான் கவனித்தாள்: ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அர்த்தம் உதிர்ந்து, அடியில் ஒரு ராகம் தலைகாட்டுகிறது.*

*நீங்களும் செய்து பார்க்கலாம். பஸ் கண்டக்டர் குரல் நன்றாக வரும்.

3

அவளிடம் மாட்டியது கெங்கம்மாவின் குரல். விம்கோ நகர்க்காரி. மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா பூவம்மாவை மறந்துபோனார்கள். கை கழுவிவிட்டு வந்தவள் மேடைக்குக் கீழேயே கத்தினாள்.

“போட்டோக்குக்கூட நான் ஆவ மாட்டேனா? சோறு பரிமாற மட்டும் அக்காவா?”

“அதுக்குன்னு சபைல மானத்த வாங்குவியா? போ! இனிமே என் வூட்டு வாசப்படி ஏறாதே!” என்று கெங்கம்மா மேலிருந்து அதட்டினாள்.

பூவம்மா திருவொற்றியூரில் தன் வீட்டுக்குப் போனவள்தான். அப்புறம் பேச்சில்லை.

இதில் பெயர் எதுவும் இல்லாத துண்டுகளை உஸ்மா எடுத்துக்கொண்டாள். ‘ஏ’வைக் கொஞ்சம் உயர்த்தினாள். ‘றா’வை இழுத்தாள். ‘தே’யை மெட்டுக்காக மெல்லக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான். அதட்டல் கெஞ்சலாகிவிட்டது. அவளுக்கு அது தெரியாது. மெட்டு உட்கார்ந்துவிட்டதில் சந்தோஷம். கேட்ட ஜுபைர், தோஸ்து வல்லரசுக்கு ஒரு கேசட் போட்டுக் கொடுத்தான்.

4

பூவம்மா அந்த ஆட்டோவில்தான் ஏறினாள். (தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாலையில் எல்லாரும் ஏதோ ஒரு ஷேர் ஆட்டோவில்தானே போக வேண்டும்.) திருவொற்றியூர் வந்தும் அவள் இறங்கவில்லை. விம்கோ நகரில் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஆட்டோல உன் கொரல கேட்டேன். ஏறாதேன்னு சொன்னியே, அப்ப அழுதுகினா இருந்த? அன்னிக்கு என் காதுல அது விழவேல்லடி.”

கெங்கம்மா அன்று அழவில்லை.

“இல்லக்கா, நான் அழல, அது...” (இந்த வாக்கியத்தை நான்கைந்து முறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் அவள் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை மாதம் கழித்து வந்து உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் யார் அதைச் சொல்வார்கள்?)

அவள் டீ போட்டாள். பூவம்மா குடித்துவிட்டுச் சொன்னாள்: “கல்யாண சிடி வந்ததும் சொல்லு. ஒன்னா உக்காந்து பாக்கலாம்.”

5

மறுநாள் கெங்கம்மா ஜுபைரின் வீடியோ கடைக்கு வந்துவிட்டாள்.

“என் கொரல இன்னாமா பண்ணி வெச்சுக்கீற?”

உஸ்மா திரையை அவள் பக்கம் திருப்பினாள். இரண்டையும் போட்டுக் காட்டினாள், முதலில் சண்டையை, பிறகு மெட்டை. கெங்கம்மா திட்டத்தான் வந்தாள். ஆனால், “இன்னொரு வாட்டி போடு” என்றாள். பிறகு மறுபடியும்.

“இதுவும் நாந்தானா?”

“நீங்கதாம்மா. ஏத்தி எறக்குனது மட்டுந்தான் நானு.”

“இவ்ளோ தன்மையா எனக்குப் பேச வருமா?” அவள் திரையில் தன் குரலோடு நெளியும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுபைர் குறுக்கே வந்தான். “சிடில அந்த எடத்துல பாட்டு போட்டு மூடிடறேம்மா. ஒரு பேஜாரும் இல்ல.”

உஸ்மா தயங்கிச் சொன்னாள்: “இல்லன்னா, நான் மாத்துன கொரலயே வெக்கலாம். அவங்களுக்குத் தெரியாது.”

(கெங்கம்மா இதற்குச் சரி என்று சொல்லும் ஒரு முடிவையும் எழுதினேன். அக்காவும் தங்கையும் சேர்ந்துவிடுகிறார்கள். படித்துப் பார்த்தேன். பூவம்மாவை இரண்டாவது தடவை படத்திலிருந்து வெட்டியது போல இருந்தது.)

“வேணாம். நான் சொன்னது சொன்னமாதிரியே இருக்கட்டும்.”

“ஆட்டோல ஓடறத நிறுத்தச் சொல்லவா?” என்று உஸ்மா கேட்டாள்.

“ஓடட்டும். ஆனா இனிமே ஒருத்தர் கொரல எடுத்தா, அவங்கள ஒரு வார்த்த கேளு.”

6

சிடி வந்தது. அக்காவும் தங்கையும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தாலி, மேளம், படம் எடுக்கும் வரிசை. பிறகு அந்த இடம். “வாசப்படி ஏறாதே!” அறைந்தாற்போல வந்து விழுந்தது. கெங்கம்மா திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவம்மா சொன்னது இது:

“இன்னா பேச்சு பேசிக்கீற நீ.”

இதன் பிறகு நான் எழுத முடியாது. தமிழ் எழுத்தில் எல்லாம் இருக்கிறது, குரல் ஏறியதா இறங்கியதா என்பதைத் தவிர. கேள்விக்குறி போட்டால் ஒரு கதை, ஆச்சரியக்குறி போட்டால் இன்னொன்று. முற்றுப்புள்ளியும் பொய்தான், வாக்கியம் முடிய வேண்டுமே என்று வைத்தது.

ஆகவே நீங்கள் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அக்கம்பக்கம் யாராவது இருந்தால் பரவாயில்லை. கடைசி ‘நீ’யை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்களோ, பூவம்மா அங்கே இருக்கிறாள்.