பல் டாக்டர் கட்டிய கயிறு

எங்கள் தெருவில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடப்போவதாக நகராட்சி ஆள் ஒருவன் விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். பசை காய்வதற்குள் என் பையன் அதற்கு எதிராக ஒரு கமிட்டி போட்டுவிட்டான். குழாயில் சேறு வந்தபோது வாயைத் திறக்காத தெரு, சைக்கிள் என்றதும் ஒன்று கூடிவிட்டது.

எனக்கும் நகராட்சி மேல் நம்பிக்கை கிடையாது. நான் கிடங்கில் மூட்டை தூக்கினவன். இஸ்திரி போட்ட சட்டைக்காரன் தரையில் கோடு கிழித்தால், அன்றைக்கு யாரோ ஒருவனுக்கு இடுப்பு பிடிக்கப்போகிறது என்று அர்த்தம். அதனால் பையன் கமிட்டியில் என்னையும் சேர்த்தபோது நான் மறுக்கவில்லை. டீ கொடுப்பார்கள் என்றான்.

வீட்டில்தான் சிக்கல். என் மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். அந்தப் பக்கம் பஸ் போகாது. பையனின் ஆபீஸ் எதிர்த் திசையில். அதனால் அவள் சைக்கிளில்தான் போய்வருவாள். போன வாரம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையைத் தட்டிவிட்டது. காரில் வந்தவர் இறங்கிப் பார்த்தார், தன் கண்ணாடியை. துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சமையலறையில் அவள் இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையன் வாசற்படியில் நின்றபடி தீர்ப்பு சொன்னான்.

"இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டுறது தற்கொலை. இந்த மாசத்தோட வேலையை விட்டுடு."

"ரோடு சரியில்லைன்னா ரோட்டைத்தானே சரி பண்ணணும்? வேலையை ஏன் விடணும்?"

"ரோட்டை யாரு சரி பண்ணுவா?"

"பண்றேன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. நீங்கதான் வேண்டாம்னு கையெழுத்து வாங்கிட்டு அலையறீங்க."

பையனுக்குக் காது சிவந்தது. "அது பொது விஷயம். இது குடும்ப விஷயம்."

"சரி. பாதை வந்துட்டா போகலாமா?"

"வந்தா தாராளமா போ. அப்பாவை வெச்சுச் சொல்றேன். ஆனா வராது."

என்னை எதற்கு நடுவில் இழுத்தான் என்று தெரியவில்லை. அவள் வெங்காயத்தை வாணலியில் போட்டாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தாலா இவனாலா என்று நான் கேட்கவில்லை. லென்ஸ் தேய்க்கிற வேலை என்றால் அவளுக்கு உயிர். யாராவது கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "அட, எழுத்து தெரியுதே" என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் பாட்டுதான்.

கமிட்டிக் கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில் நடந்தது. அவர்தான் தலைவர். தெருக்கோடியில் கிளினிக். அதே தெருவில்தான் எல்லாருக்கும் வீடு. இருந்தாலும் அத்தனை பேரும் காரில் வந்தார்கள். நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவரவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். வந்ததும் எல்லாருக்கும் ஒரே புலம்பல், இடமே இல்லை என்று.

சுவரில் ஈறு அழுகின படம். அதன் கீழே இருந்த நாற்காலிதான் எனக்குக் கிடைத்தது.

"சைக்கிள்ல வர்றவன் சத்தம் போடாம வருவான். திருடனும் அப்படித்தான் வருவான். யோசிச்சுப் பாருங்க," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

எல்லாரும் யோசித்தார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் சரியாகத்தான் பட்டது.

"முதல்ல, நம்ம தெருவுல யாரு சைக்கிள் ஓட்டுறா? ஒருத்தர் உண்டா?" என்றார் டாக்டர்.

எங்களோடு வந்திருந்த மருமகள் கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். "நான் ஓட்டுறேன் டாக்டர்."

"நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. உன்னைக் கணக்குல சேர்க்க முடியுமா?" என்று அவர் பாசமாகச் சொன்னார். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

பையன் எழுந்து விஷயத்தைச் சொன்னான். திங்கட்கிழமை நகராட்சி இன்ஜினியர் அம்மா வந்து பார்ப்பார். ஓரத்து இடம் சும்மா கிடந்தால் பாதை உறுதி. ஜனங்கள் புழங்குகிற இடமாக இருந்தால் திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

"புழங்குறோமே! கார் நிறுத்துறோமே!"

"அந்தம்மா பகல்ல வருது. பகல்ல காரெல்லாம் ஆபீஸ்ல நிக்கும்."

லீவு போட்டுவிட்டு காரோடு வீட்டில் இருக்கலாம் என்றார் ஒருவர். தெருவின் நன்மைக்காக மற்றவர்கள் லீவு போடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கார் வெளியே போனால் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியோ உடைந்த நாற்காலியோ வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தொட்டியை யாரும் நகர்த்தமாட்டார்கள். தாலுகா எல்லைக் கல்லுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

"தொட்டியை வைங்க. தெரு முழுக்க வைங்க. இடம் நம்முதுன்னு அந்தம்மாவுக்குப் புரிஞ்சிடும்," என்றேன்.

கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டு. பையன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். நான் மருமகள் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி இறங்கியது. ரோஜா, குரோட்டன்ஸ், செத்துப்போன துளசி, மண் மட்டும் இருந்த தொட்டி. ஆளுக்கொரு பக்கம் கோணலாக வைத்ததைப் பார்த்ததும் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன இது, எத்துப்பல் மாதிரி! வரிசை வேணும்யா, வரிசை!" என்று ஒரு கயிற்றைக் கொண்டுவந்து தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டினார். கயிறு ஓரச் சுவரை ஒட்டி ஓடியது.

மருமகள் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"டாக்டர், சுவரோரம்தான் மழைத் தண்ணி ஓடுது. தொட்டியால அடைச்சா தண்ணி அத்தனையும் உங்க வாசல் புது டைல்ஸ்லதான் வந்து நிக்கும்."

டைல்ஸ் என்றதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. "எவ்வளவு தள்ளி வைக்கலாம்?"

"பெருக்குற ஆள் குனிஞ்சு நிமிரணும்ல? இவ்வளவு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். முழங்கை ஆறிவிட்டதே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

டாக்டர் கயிற்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். நாங்கள் தொட்டிகளைத் தூக்கிக் கயிறு பிடித்து வைத்தோம். எண்ணெய் தடவி வாரின வகிடு மாதிரி தெரு அழகாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கார்கள் கிளம்பிப் போயின. முதலில் தபால்காரர் வந்தார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சைக்கிளை விட்டார். பின்னாலேயே பேப்பர் போடுகிறவர். அப்புறம் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர். பிறகு எங்கிருந்து முளைத்தார்கள் என்றே தெரியவில்லை, பள்ளிக்கூடப் பெண்கள் மணி அடித்துக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். ஒருவருமே ஓட்டாத தெருவில் நான் வாய் பிளந்து நின்றேன்.

இன்ஜினியர் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் இருந்த அளவு டேப்பைப் பிரிக்கக்கூட இல்லை. டாக்டர் கிளினிக்கிலிருந்து ஓடி வந்தார். பையன் அன்றைக்கு அரை நாள் லீவு. அவனும் கோப்போடு ஓடினான்.

"சார்! நாங்க வர்றதுக்குள்ள நீங்களே போட்டுட்டீங்களா? அதுவும் செடி வெச்சு! எல்லா தெருவுலயும் எங்களை அடிக்க வர்றாங்க சார். இதை யாரு பண்ணினது?"

பையன் "அது வந்து மேடம்" என்று ஆரம்பித்தான். டாக்டர் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"ஏதோ என்னால முடிஞ்சது. கயிறு கட்டினது நான்தான்," என்றார்.

ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி இன்ஜினியர் அம்மா போட்டோ எடுத்தார். பல் தெரியச் சிரிக்கச் சொன்னார். அதைவிட டாக்டருக்கு என்ன வேண்டும்? அன்று சாயங்காலமே எதிர்ப்புக் கமிட்டிக்குச் சைக்கிள் பாதைப் பாதுகாப்புக் கமிட்டி என்று பேர் மாறிவிட்டது. தலைவர் அதே டாக்டர்தான். திருடன் பயம் என்ன ஆயிற்று என்று இன்சூரன்ஸ்காரரைக் கேட்டேன். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிறீர்களா என்றார்.

மறுநாள் காலை மருமகள் சைக்கிளை வெளியே எடுத்தாள். பையன் ஷூ மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். என்னை வைத்துத்தானே சொன்னான். "வாயை விட்டுட்டியேடா," என்றேன். அவன் அவளுடைய பின் டயரை அமுக்கிப் பார்த்தான். "காத்து கம்மியா இருக்கு, இரு," என்று பம்பை எடுத்துவரப் போனான்.

எனக்கு ஒரு சந்தேகம். யாரையும் சும்மா விடுகிற சுபாவம் எனக்கு இல்லை.

"ஏம்மா, நம்ம தெரு கிளினிக்குக்கு எதிர்ப்பக்கம்தானே சரிவு? மழைத் தண்ணி டாக்டர் வாசலுக்கு எப்படி ஏறி வரும்?"

அவள் சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டினாள்.

"அன்னிக்கு நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க மாமா. அப்பவே கேட்டிருக்கலாமே."

தொட்டிகளுக்கு உள்பக்கமாக அவள் போனாள். அந்தச் செத்த துளசியைத் தாண்டும்போது மணியை இரண்டு தடவை அடித்தாள். எதிரே ஒருவருமில்லை.